மாப்பிள்ளையைக் காரிடம் விசாரித்தவன்

சப்ரானிடம் போய், "இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்று சொல்லிப் பாருங்கள். "ஆர் சொன்னது?" என்று கேட்பான். பகிடிக்கு இல்லை, உண்மையாகவே கேட்பான். பிறகு கைபேசியை எடுத்துப் பார்ப்பான். அதுவும் வெள்ளி என்று சொன்னால், தெருவில் நாலு பேர் தொப்பியோடு பள்ளிவாசல் பக்கம் போவதைக் கண்ட பிறகுதான் தன் தொப்பியைத் தேடுவான். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தவர்கள் அவனுக்கு முன்னால் ஒருதரம் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

இப்படிப்பட்ட மனிதனுக்கு வாய்த்த வேலையும் அதற்குத் தோதானதுதான். ஒரு காப்புறுதிக் கம்பனியில் வாகன விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிற வேலை. குறுக்கே மாடு வந்தது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், அந்த மாட்டைத் தேடிப் போகிறவன் அவன். ஒருமுறை சாவகச்சேரிப் பக்கம் போய், மாட்டுக்காரரைப் பிடித்து, மாட்டின் விலாவில் காயம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு வந்தான். மாடு உதைத்ததை அவன் யாருக்கும் சொல்லவில்லை. மாட்டுக்காரர்தான் சந்தி சந்தியாக நின்று சொன்னார்.

சந்தேகம் அவனுக்குக் கூடப்பிறந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைத் தெருவோடு வெளியேறச் சொன்னபோது அவனுக்கு ஐந்து வயது. "கொஞ்ச நாளிலை திரும்பி வந்திடுவம்" என்று வாப்பா சொன்னார். அவன் நம்பினான். விளையாட்டுச் சாமான்களைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்துவிட்டு வந்தான். அந்தக் கொஞ்ச நாள் இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வாப்பா புத்தளத்து அகதி முகாமில் ஒரு ஓலைக் கிடுகுக் கொட்டிலிலேயே மௌத்தாகிப் போனார். பெரியவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்ற எண்ணம் அந்தக் கிடுகுக் கொட்டிலுக்குள்ளேயே அவனை விட்டுப் போய்விட்டது.

யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது வீட்டில் சுவர் மட்டும்தான் நின்றது. உம்மா நஜ்முன்னிஸா வாசலிலேயே குந்தி அழுதாள். புத்தளத்தில் பிறந்து அந்த வீட்டை முதன்முதலாகக் கண்ட தங்கை பர்ஹானா, எந்த அறை எது என்று கேட்டுக்கொண்டு கல்லுக்கு மேலால் நடந்தாள். சப்ரான் அந்த வீட்டை அறை அறையாகக் கட்டினான். லீவு நாட்களில் மேசனோடு நின்று சீமெந்து குழைத்தான். மேசன் சீமெந்தைக் குறைக்கிறானோ என்கிற சந்தேகமும் அதில் உண்டு, அது வேறு விஷயம். கட்டியது தனக்காக அல்ல. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பர்ஹானாவின் வீடு, அவளுக்கு ஒரு நல்லவன் கிடைக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் தன்னைப் பற்றி யோசிப்பது என்று அவன் தீர்மானித்திருந்தான். அவனுக்கு நாற்பது வயதாகிவிட்டது. யோசிக்கத் தொடங்கவில்லை.

பர்ஹானாவுக்கு முப்பத்துமூன்று. சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். இரண்டு சம்பந்தங்கள் வந்து இரண்டும் முறிந்தன. முறித்தவன் சப்ரான். முதல் மாப்பிள்ளை தான் மனேச்சர் என்றான். சப்ரான் அந்தக் கடைக்கே போய்ச் சேட்டுத் துணி வாங்குகிற மாதிரி விசாரித்து, அவன் மனேச்சர் இல்லை என்று கண்டுபிடித்தான். இரண்டாவது மாப்பிள்ளை சிகரெட் தொடுவதில்லை என்றான். அவன் காரின் இருக்கைக்கு அடியில் சாம்பல் இருந்தது. "சாம்பலை வைச்சுக்கொண்டு ஒரு குமரின்ரை வாழ்க்கையைத் தீர்மானிக்கிறியேடா, பாவி!" என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அந்த இரண்டு பேரையும் பர்ஹானாவுக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இந்த மனிதனுக்கு ஒரு பொழுதுபோக்கும் இருந்தது. பிசகெல்லாம் அதில்தான் தொடங்கியது.

இப்போதைய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படுகிற இடத்தில், ஒரு செருகுவாய் இருக்கும். காருக்குள் இருக்கிற கணினி எஞ்சினின் சூடு, வேகம், வந்துபோன கோளாறுகள் எல்லாவற்றையும் மனத்தில் வைத்திருக்கும். கராஜ்காரர் அந்தச் செருகுவாயில் தங்கள் கருவியைச் செருகித்தான் நோயைப் பார்ப்பார்கள். சப்ரான் நெருப்புப்பெட்டி அளவில் ஒரு நீலக் கட்டையை இணையத்தில் வாங்கினான். அதைச் செருகினால் புளூடூத்தில் விபரம் வரும். அதைப் படிப்பதற்குக் கைபேசி ஆப்கள் சும்மாவே கிடைக்கின்றன. சும்மா கிடைக்கிற ஒன்றை சப்ரான் நம்புவானா? "உவங்கள் என்ரை விபரத்தை எங்கை அனுப்புறாங்களோ, ஆருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, தானே ஒன்றை எழுதத் தொடங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதுதான். அலுவலகத்தில் கூட வேலை செய்கிற உடுவில் நிருஷனின் கார்தான் பரிசோதனைச்சாலை. நிருஷனின் மனைவி தர்சிகா தேத்தண்ணி கொண்டு வந்து போனட்டில் வைத்துவிட்டுப் போவாள். அது ஆறிப்போய்க் கிடக்கும். கார் தமிழில் பதில் சொல்வதில்லை. 01 31 என்று கேட்டால் 41 31 என்று தொடங்கி ஒரு வரி அனுப்பும், அதன் வாலில் இருக்கிற எண்ணைப் பிரித்து எடுக்கவேண்டும். முதல் மாதம் முழுக்க ஒன்றுமே வரவில்லை. பிறகு ஒருநாள் எஞ்சினின் சூடு திரையில் வந்து விழுந்தது. சப்ரான் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினான். அவன் சிரித்து நிருஷன் கண்டது அன்றைக்குத்தான். வீட்டுக்குப் போய், "உம்மா, கார் என்னோடை கதைக்குது!" என்றான்.

"அது கதைக்கட்டும். நீ இஞ்சை ஆரோடையாவது கதை," என்றாள் உம்மா.

காருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதுதான் அவனுக்கு அதில் பிடித்தது. மனிதர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், கார் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். அதன்பிறகு யாராவது பாவித்த கார் வாங்கப் போனால் சப்ரானைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. விற்கிறவர்கள் ஒரு திருவிளையாடல் செய்வார்கள். எஞ்சினில் கோளாறு வந்தால் முன்னுக்கு ஒரு மஞ்சள் விளக்கு எரியும். கோளாறைத் திருத்தாமல் கணினியின் நினைவை மட்டும் அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். கொஞ்சத் தூரம் ஓடினால்தான் திரும்ப எரியும். ஆனால் நினைவை அழித்த பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று கார் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே இருக்கும். சப்ரான் 01 31 என்று கேட்பது அந்த எண்ணைத்தான். எண் சின்னதாக இருந்தால், "வாங்க வேண்டாம்" என்பான்.

மூன்றாவது சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் உம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை மர்ழியா. மாப்பிள்ளை சுப்யான், நாவாந்துறைப் பக்கம் வாடகை வீட்டில் வாப்பாவோடு இருக்கிறான். சொந்தக் கார் வைத்து வாடகைக்கு ஹயர் ஓடுகிறான். வாப்பா யூசுப் பழைய லொறிக்காரர். சுப்யானின் உம்மா புத்தளத்திலேயே இறந்துபோனாள். குடி இல்லை, சிகரெட் இல்லை. மர்ழியா இதைச் சொல்லும்போது சப்ரானை ஒரு பார்வை பார்த்தாள்.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று வட்டிலப்பம் வைத்தார்கள். யூசுப் மாமா மெலிந்த, அமைதியான மனிதர். வாசலுக்கு எதிரே உட்காராமல், முதுகு சுவரில் படும்படி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். சுப்யான் சத்தம் போடாமல் பேசினான். பர்ஹானா பேசும்போது குறுக்கே விழாமல் கேட்டான். அவள் ஏதோ சொல்ல அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து சப்ரான் எழும்பி, "தம்பி, கார் வெயிலிலை நிக்குது. திறப்பைத் தாங்கோ, நிழலிலை விடுறன்," என்றான்.

நிழலில் விட்டான்தான். விட்டுவிட்டு நீலக் கட்டையைச் செருகினான். 41 31 00 06. ஆறு கிலோமீற்றர்.

ஆறு கிலோமீற்றர் என்றால் இன்று காலைதான் அழித்திருக்கிறான். பெண் பார்க்க வருகிற அன்று காலையில் காரின் நினைவைத் துடைத்துக்கொண்டு வருகிறவன் எப்படிப்பட்டவன்? உள்ளே போய் வட்டிலப்பத்தை ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு, "கார் எப்பிடித் தம்பி? கிட்டடியிலை கராஜுக்குக் கொண்டு போனியளோ?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டான்.

சுப்யான் வாப்பாவை ஒருதரம் பார்த்தான். "இல்லை நானா. அதிலை ஆரும் கை வைக்கிறேல்லை. ஒரு குறையும் இல்லை," என்று அண்ணனிடம் சொல்கிற மாதிரிச் சொன்னான்.

அந்தப் பார்வையை சப்ரான் கண்டுகொண்டான். கள்ளன் அகப்பட்டான் என்று அவன் மனம் துள்ளியது. எதிரே பர்ஹானா இன்னும் அந்தச் சிரிப்போடு இருந்ததை அவன் கவனிக்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் நிருஷனிடம் சொன்னான். நிருஷன் ஒழுங்கான ஆள், யோசித்துவிட்டுச் சொன்னான்: "மச்சான், பற்றரி வயரைக் கழட்டிப் பூட்டினாலும் நினைவு அழிஞ்சுதான் போகும். எண் பூச்சியத்திலை இருந்துதான் தொடங்கும்."

"தெரியும். நான் பாக்காமல் விடுவனோ? பற்றரியைக் கழட்டினால் காருக்குள்ளை இருக்கிற மணிக்கூடும் குழம்பிப் போகும். உவன்ரை மணிக்கூடு என்ரை கைபேசியோடை ஒத்துக் காட்டுது. நிமிஷம் பிசகேல்லை."

"அப்ப சரி," என்றான் நிருஷன். அவனுக்கும் வேறு விளக்கம் தோன்றவில்லை. ஒழுங்காக வேலை செய்கிற காரின் பற்றரியை எந்த மனிதன் கழற்றப் போகிறான்?

ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்கிற ஆள் இல்லை சப்ரான். கரவெட்டியில் ஒரு விபத்துக் கோரிக்கை பார்க்கவேண்டியிருந்தது. கம்பனி மோட்டார்ச் சைக்கிளில் போகாமல் சுப்யானின் காரை ஹயருக்குப் பிடித்தான். முன்னிருக்கையில் ஏறும்போது ஏதோ விழுந்ததைத் தேடுகிற மாதிரிக் குனிந்து கட்டையைச் செருகினான். மடியில் லப்டொப். காலையில் எண் நான்கு. வல்லைவெளியில் காற்று காரைத் தள்ளியது. சுப்யான் நல்லாகத்தான் ஓட்டினான். சைக்கிளில் போகிற கிழவர்களுக்கு இடம் விட்டு ஓட்டினான். "பர்ஹானா எந்த வகுப்புப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறவ?" என்று ஒருமுறை வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டான். சப்ரான் பதில் சொன்னான், ஆனால் கண் திரையில்தான். திரும்பி வந்தபோது, ஓடிய தூரத்துக்குச் சரியாக எண் ஏறியிருந்தது. இறங்கும்போது கட்டையைக் கழற்றாமல் விட்டுவிட்டான். வேண்டுமென்றுதான் விட்டான்.

அடுத்த நாள் காலை, ஹயர்க் கார்கள் நிற்கிற இடத்துக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில் லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சுப்யான் வந்து எஞ்சினை அணைப்பதற்குள் எண் வந்து விழுந்தது. மூன்று. நேற்று அவ்வளவு தூரம் ஏறிய எண் இன்று மூன்று! ஒவ்வொரு நாள் விடியவும் இவன் நினைவைத் துடைக்கிறான். சனங்களைக் கோளாறு பிடித்த காரில் ஏற்றிக்கொண்டு, ஒரு குறையும் இல்லை என்று சிரித்த முகத்தோடு சொல்கிறான். காரின் குறையைத் தினம் மறைக்கிறவன் மனைவியிடம் எதைத்தான் மறைக்கமாட்டான்?

அன்று பின்னேரமே மர்ழியாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டான், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று.

"ஏன்?" என்று கேட்டாள் பர்ஹானா. முதல் இரண்டு தடவையும் அவள் கேட்கவில்லை. இந்தமுறை கேட்டாள்.

அவன் லப்டொப்பைத் திருப்பிக் காட்டினான். ஆறு, நான்கு, மூன்று. விளங்கப்படுத்தினான். அவள் திரையைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். "அவரிட்டைக் கேட்டியோ நானா?" என்றாள்.

"கேட்டனான். ஆரும் கை வைக்கிறேல்லை எண்டு பொய் சொன்னவன்."

பர்ஹானா எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவும் சப்ரான் தானே சீவிப் பூட்டியதுதான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் திறக்கவில்லை. "கண் கெட்டவனே, அந்தப் பிள்ளை முதல்முறையா ஒருத்தனைப் பாத்துச் சிரிச்சுதடா," என்றாள் உம்மா. சப்ரானுக்கும் சோறு இறங்கவில்லை. தங்கைக்கு நல்லதுதானே செய்தோம், பிறகு ஏன் வீடு இப்படிக் கிடக்கிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

நாலைந்து நாள் கழித்து மர்ழியா மூச்சிரைக்க வந்தாள்.

"ராத்தா, கேட்டியளோ? யூசுப் காக்கா மூட்டை கட்டுறார். திரும்பப் புத்தளத்துக்குப் போகப் போறாராம். சுப்யானையும் கார் ஓட விடுறாரில்லை. விடிய வெள்ளாப்பிலை காருக்குள்ளை ஏதோ நீல வெளிச்சம் மினுங்கினதாம். குனிஞ்சு பாத்தால், ஆரோ ஒரு சாமானைப் பூட்டி வைச்சிருக்கிறாங்களாம். 'எங்களை வேவு பாக்கிறாங்கள், திரும்பவும் வாறாங்கள், அவங்கள் வாறதுக்கு முன்னம் நாங்களாப் போயிடுவம்' எண்டு மனிசன் நடுங்குது. பாவம், சாப்பிடவும் இல்லையாம்."

அறைக் கதவு திறந்தது. பர்ஹானா வாசற்படியில் நின்று, "நானா, உன்ரை நீலக் கட்டை எங்கை?" என்று கேட்டாள்.

அவன் மோட்டார்ச் சைக்கிள் திறப்பைத் தேடினான். சட்டைப் பைக்குள் இருந்த திறப்பை வீடு முழுக்கத் தேடினான்.

நாவாந்துறை வீட்டு முற்றத்தில் பொதிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. சுப்யான் விறாந்தைத் தூணில் சாய்ந்து நின்றான். முற்றத்து நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல் அம்மிக் குழவி. யூசுப் மாமா சப்ரானைக் கண்டதும் விரலை வாயில் வைத்து, கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனார். நீலக் கட்டையை மூடியிருந்த வாளியைக் காட்டி, "உதுக்குக் கேக்கும். மெள்ளக் கதை," என்றார்.

"மாமா, அது நான் வைச்சது."

யூசுப் மாமாவின் கை சப்ரானின் கையை விட்டது. அவர் இரண்டு அடி பின்வாங்கினார். "உன்னை ஆர் அனுப்பினது?"

"ஒருத்தரும் இல்லை மாமா. நான்தான்."

"பொய் சொல்லாதை மகன். ஆருக்கு வேலை செய்யிறாய்? எவ்வளவு காலமா?"

சப்ரான் பதறிப்போய் லப்டொப்பைத் திறந்து தான் எழுதியதைக் காட்டினான். அதுதான் புத்திகெட்ட வேலை. கறுப்புத் திரையில் வரிவரியாக எண்கள் ஓடுவதைக் கண்ட மனிதர் இன்னும் வெளிறிப்போனார். எதைச் சொன்னாலும் அவர் தலையை ஆட்டினார். "ஆர் சொன்னது? என்ன அத்தாட்சி?" என்றார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் சப்ரானை நோக்கி வந்தன. கடைசியில் அவன் லப்டொப்பை மூடிக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, "என்ரை தங்கச்சிக்காக மாமா. மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கத்தான் வைச்சனான்," என்றான்.

யூசுப் மாமா அவனை உற்றுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறாரோ என்று சுப்யான் ஓடி வந்தான். அவர் சிரித்தார்.

"மாப்பிள்ளையை விசாரிக்கிறதெண்டால் பள்ளியிலை விசாரிக்கிறது. பக்கத்து வீட்டிலை விசாரிக்கிறது. நீ காரிட்டையோடா விசாரிச்சனீ?" கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, கிணற்றுக்கட்டில் பொத்தென்று குந்தினார். "அல்ஹம்துலில்லாஹ். எங்கடை பிள்ளைதான் வைச்சது. அல்ஹம்துலில்லாஹ்."

"சரி, என்னதான் சொல்லிச்சுது கார்?" என்று கேட்டார்.

சப்ரான் சொன்னான். ஒவ்வொரு நாளும் விடிய நினைவை அழிக்கிறதை, சுப்யான் அதை மறைத்ததை எல்லாம் சொன்னான். சுப்யான் நிலத்தைப் பார்த்தான். யூசுப் மாமாதான் வாயைத் திறந்தார்.

"அவன் இல்லை மகன், நான். பொழுது பட்டால் பற்றரி வயரைக் கழட்டிப்போடுவன். விடிய சுபஹு தொழுதிட்டு வந்து பூட்டுவன். கழட்டாட்டில் எனக்கு நித்திரை வராது." அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். "தொண்ணூறிலை என்னட்டை ஒரு லொறி இருந்தது. எங்களைப் போகச் சொல்லுறதுக்கு முதல்நாள் ராத்திரி இயக்கக்காரங்கள் வந்து அதை ஸ்டாட் பண்ணிக் கொண்டு போயிட்டாங்கள். அடுத்த நாள் எங்கடை ஒழுங்கைச் சனம் எல்லாம் நடந்தது. என்ரை உம்மா நடந்தவ. பெறுமாதக்காரி என்ரை மனிசி நடந்தவ. அந்த ராத்திரி நான் பற்றரியைக் கழட்டி ஒளிச்சிருந்தால் லொறி வாசலிலை நிண்டிருக்கும். அத்தனை பேரையும் ஏத்தியிருப்பன்."

அந்தப் பிள்ளை தங்கவில்லை என்று சுப்யான் மெதுவாகச் சொன்னான். தனக்கு மூத்தவளாக ஒரு ராத்தா இருந்திருக்கவேண்டும் என்றான்.

சப்ரான் மணிக்கூட்டைப் பற்றி மட்டும் கேட்டான். கேட்காமல் இருக்க அவனால் முடியவில்லை.

"நான்தான் காலமை சரியாக்கி வைக்கிறனான்," என்றான் சுப்யான். "ஹயருக்கு ஏறுறவை கேப்பினம் எல்லோ, ஏன் மணிக்கூடு பிழை எண்டு. சொன்னால் வாப்பாக்கு விசர் எண்டுவினம். நீங்கள் கேட்ட அண்டைக்கும் நான் பொய்தான் சொன்னனான் நானா. ஓம். பெண் கேட்டு வந்த வீட்டிலை அவரை வைச்சு ஆரும் சிரிக்கக்கூடாது எண்டுதான். இனியும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"சொல்லமாட்டன்," என்றான் சப்ரான். "வீட்டிலை உம்மாக்கும் தங்கச்சிக்கும் மட்டும் சொல்லுவன். வேறை ஒரு சீவனுக்கும் சொல்லமாட்டன்." பிறகு சம்பந்தத்தைத் திரும்பக் கேட்டான். யூசுப் மாமா பொதிகளை அவிழ்க்கச் சொன்னார். அதுதான் அவருடைய பதில்.

வீட்டுக்கு வந்து அவன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். உம்மா அழுதாள், அல்லாஹ்வுக்குச் சுக்ரு செய்தாள், சம்பந்தம் சரி என்று மர்ழியாவுக்குப் போன் எடுக்க ஓடினாள். பர்ஹானா அடுப்படி வாசலில் நின்று முழுவதையும் கேட்டாள்.

"நான் அவரைக் கலியாணம் முடிக்கிறன் நானா," என்றாள். "ஆனால் இந்த வீட்டிலை இருக்கமாட்டன். அங்கை போறன்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? அது வாடகை வீடு. இது உன்ரை வீடு. உனக்கெண்டுதானே…"

"தெரியும் நானா. நீ கல்லுச் சுமந்தது எனக்குத் தெரியாதோ?" அவள் அடுப்படி வாசலை விட்டு முன்னுக்கு வந்தாள். "அவையள் இஞ்சை வந்தால் நீ பாப்பாய். மாமா விடிய எழும்பிப் போனட்டைத் திறக்கிறதைப் பாப்பாய். அவர் எத்தனை மணிக்கு வந்தவர், ஏன் பேசாமல் இருக்கிறார் எண்டு பாப்பாய். கேக்கமாட்டாய், பாத்துக்கொண்டே இருப்பாய். அந்த மனிசனை நீ வெருட்டினது போதும். நான் அங்கை போய், கதவைப் பூட்டிப்போட்டு, அவர் பயமில்லாமல் நித்திரை கொள்ளப் பாக்கிறன்."

"பர்ஹானா, நான் உனக்காகத்தானே…"

"எனக்காகத்தான். மாட்டைக் கேட்டாய், காரைக் கேட்டாய். எனக்கு அவரைப் பிடிச்சிருக்கோ எண்டு என்னட்டை ஒருக்கால் கேட்டியோ நானா?"

கேட்கவில்லை. மூன்று சம்பந்தத்திலும் கேட்கவில்லை. அவளிடம் கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. சப்ரான் திண்டாடி நின்றான். இப்போது கேட்கலாமா என்று நினைத்து, கேட்க வெட்கமாக இருந்து, கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினான்.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. நிருஷனும் தர்சிகாவும் உடுவிலிலிருந்து வந்து பிரியாணி சாப்பிட்டார்கள். எல்லாம் முடிந்ததும் பர்ஹானா, எங்கள் பக்கத்தில் காணாத வழக்கமாக, மாப்பிள்ளையின் வெள்ளைக் காரில் ஏறி நாவாந்துறைக்குப் போனாள்.

சனம் விடுமா? புது வீடு இங்கே சும்மா கிடக்க, புதுப்பெண் ஏன் வாடகை வீட்டுக்குப் போனாள்? தெரு யோசித்தது. பெண்கள் குழாயடியில் யோசித்தார்கள், ஆண்கள் கடைவாசலில் யோசித்தார்கள். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவு சப்ரானின் காதுக்கும் வந்தது. தங்கச்சியின் வீட்டைத் தமையன் அமுக்கிவிட்டானாம். அதற்காகத்தான் இத்தனை வருஷமும் வருகிற சம்பந்தங்களை எல்லாம் முறித்துக்கொண்டிருந்தானாம். இப்போது எல்லாம் பொருந்துகிறதாம்.

உம்மா கொதித்தாள். "சொல்லடா! உள்ளதைச் சொல்லு! பத்து வருஷம் உயிரைக் குடுத்துக் கட்டினவனைப் பாத்துக் கள்ளன் எண்டுதுகள்!" உள்ளதைச் சொன்னால் அது யூசுப் மாமாவின் பற்றரி வயரில் போய்த்தான் முடியும். பிறகு அந்த மனிதர் பள்ளிவாசலுக்குள் எப்படி நுழைவார்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து படியில் செருப்பைத் தேடும்போது பக்கத்துக் கடை இஸ்மாயில் காக்கா அவனை மறித்தார். சுற்றி நாலு பேர் நின்றார்கள். கூட்டத்தில் யூசுப் மாமாவும் நின்றார், தலையைக் குனிந்துகொண்டு.

"தம்பி, குறை நினையாதை. சனம் ஒரு கதை கதைக்குது. தங்கச்சிக்குக் குடுக்க வேண்டிய வீட்டை நீ எடுத்துப்போட்டியோ?"

யூசுப் மாமா நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சப்ரான் அவரைச் சொல்லவிடவில்லை.

"ஓம் காக்கா," என்றான். "எனக்கு வீடு தேவைப்பட்டுது. அதுதான் எடுத்தனான்."